பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னால் எடுபடாதா?

சாட்சிக்கூண்டில் அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். சாமிமேல் சத்தியம் பண்ணியவர்களையும், கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தன் வளவுக் கிணற்றிலிருந்து கதையைத் தொடங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தால் இதெல்லாம் வழக்கம்தான். பாடிய சாட்சியை மட்டும் கண்டதில்லை. 1987 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கே ஒரு நீதிமன்றத்தில் மேரி ஜோன்சன் என்ற, கிட்க்சன் பூர்வகுடி இனத்து மூதாட்டி பாடினார். அன்ட்குலிலிபிக்ஸ் என்பது அவர் ஏற்றிருந்த தலைமைப் பெயர். தன் குடும்பத்து வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தவர், அதில் வரும் இழவுப் பாட்டைப் பாடவேண்டிய இடத்துக்கு வந்ததும் நீதிபதி குறுக்கிட்டார். பாடத்தான் வேண்டுமா, சொற்களை எழுதித் தந்தால் போதாதா என்று கேட்டார். தனக்குப் பாட்டு ஏறாத காது, பாடிப் பிரயோசனமில்லை என்றும் சொன்னார். வழக்கறிஞர் விட்டுக்கொடுக்கவில்லை. மூதாட்டி பாடினார்.

இந்தச் சம்பவத்தை இங்கே சட்டம் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நீதிபதியைத் திட்டுவதற்கு வாய்ப்பான கதை. முப்பது வருடங்களுக்கு மேலாகத் திட்டியும் ஆயிற்று. எனக்கு அந்த நில உரிமை வழக்கில் உறுத்துகிற இடம் வேறு. வழக்குத் தொடுத்த பூர்வகுடி மக்கள் பக்கத்திலிருந்து மூன்று மானிடவியலாளர்கள் சாட்சி சொன்னார்கள்: ஹியூ புரோடி, ரிச்சர்ட் டேலி, அன்ரோனியா மில்ஸ். இவர்கள் அந்த ஊர்களில் தங்கி, விருந்துகளுக்குப் போய், மீன் வெட்டுகிற இடத்தில் நின்று தெரிந்துகொண்டதைச் சொன்னார்கள். அவர்களுடைய சாட்சியம் எடுபடவில்லை. எடுபடாததற்கு நீதிபதி கண்ட காரணங்களில் பெரியது, அவர்கள் அந்த மக்களோடு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார்கள் என்பது.

வழக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கனடாவின் பெரும்பகுதியில் அரசு பூர்வகுடிகளுடன் ஏதோவொரு ஒப்பந்தமாவது போட்டுக்கொண்டுதான் நிலத்தை எடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் நேர்மையானவையா என்பது தனிக் கதை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதுவும் கிடையாது. வன்கூவர் தீவின் சில துண்டுகளையும் வடகிழக்கு மூலையையும் விட்டால், மாகாணத்தின் மிச்ச நிலம் விற்கப்படாமலும் போரில் தோற்கப்படாமலும் அரச நிலமாகிவிட்டது. வழக்குப் போடலாம் என்றால் 1927 முதல் 1951 வரை, நிலக் கோரிக்கைக்காகப் பணம் சேர்ப்பதே, பூர்வகுடிகளுக்கென்று கனடா இயற்றிய 'இந்தியர் சட்டத்தின்' கீழ் குற்றம். வழக்கறிஞருக்குக் கூலி கொடுத்தாலும் சிறை வரக்கூடும்.

1984இல் கிட்க்சன், வெட்சுவெட்டன் இனங்களின் பரம்பரைத் தலைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கேட்டது 58,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. நிலம் எங்களுடையது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அதை ஆளும் அதிகாரமும் எங்களுடையது என்றார்கள். முதல் வழக்காளியின் பெயரால் அது டெல்கமூக் வழக்கு ஆயிற்று. டெல்கமூக் ஒரு தனி ஆளின் பெயர் அல்ல. ஒருவர் இறந்தால் அடுத்தவர் ஏற்கிற பெயர். வழக்கு நடந்த பதின்மூன்று வருடத்தில் அந்தப் பெயரே கைமாறியது. கடைசித் தீர்ப்பு வந்தபோது அதைச் சுமந்தவர் ஏர்ள் மல்டோ என்ற பேர்பெற்ற மரச் செதுக்குக் கலைஞர்.

விசாரணை 374 நாட்கள் நடந்தது. 61 பேர் மன்றத்தில் சாட்சி சொன்னார்கள், பலர் தங்கள் மொழியிலேயே. 23,503 பக்கச் சாட்சியப் பதிவு, சுமார் 9,200 சான்றுப் பொருட்கள். நீதிபதி அலன் மெக்கீச்சர்ன் தீர்ப்பில் இவற்றைத் தானே எண்ணிச் சொல்கிறார். அந்தப் பந்தியில் ஒரு களைப்புத் தெரிகிறது, அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அதே இடத்தில் இன்னொரு விவரமும் இருக்கிறது. உரைபெயர்ப்பாளர்களோடு, கிட்க்சன், வெட்சுவெட்டன் சொற்களை நீதிமன்றச் சுருக்கெழுத்தாளருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்வதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்களாம். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். சாவகச்சேரி, புதுக்குடியிருப்பு என்று எத்தனை பெயர்களை நானே மேசைக்கு மேலால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லியிருப்பேன்! அப்படியும் பதிவில் வேறு ஏதோ ஊராக வந்து நிற்கும்.

நிலம் யாருடையது என்று காட்ட அந்தத் தலைவர்களிடம் காணி உறுதி இல்லை, வரைபடம் இல்லை. இருந்தது அடாவ்க். ஒரு வில்ப், அதாவது தாய்வழியில் வரும் ஒரு வீட்டார், எங்கிருந்து வந்தார்கள், எந்த மலையடியில் யாரை இழந்தார்கள், எந்த ஆற்றில் மீன்பிடி உரிமை எப்படி வந்தது என்பதைச் சொல்லும் வரலாறு. வெட்சுவெட்டன் மக்களிடம் இதற்கு இணையாக குங்காக்ஸ் உண்டு. பாட்டும் தலையணியும் ஆடையும், குலமரம் (totem pole) என்ற நெடுமரத்தில் செதுக்கிய உருவங்களும் அந்த வரலாற்றின் பாகங்கள். பாட்டை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்வது, உறுதியில் கையெழுத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதற்குச் சமன். மூதாட்டி பாடியே தீரவேண்டும் என்று நின்றது அதனால்தான்.

அடாவ்க் ஒன்றை யாரும் நினைத்தபடி சொல்லிவிட முடியாது. சொல்லுமிடம் விருந்து மண்டபம். தலைவர் ஒருவர் இறந்து அவர் பெயரை இன்னொருவர் ஏற்கும்போது மற்றக் குலத்தார் எல்லோரையும் அழைக்கவேண்டும். அவர்கள் முன்னிலையில் வீட்டின் வரலாறும் எல்லைகளும் நினைவுகூரப்படும். வந்திருக்கும் தலைவர்கள் வரிசையாக எழுந்து பேசுவார்கள். எல்லை பிழையென்றால் அங்கேயே சொல்லவேண்டும். பிறகு விருந்தினருக்குப் பணமும் பொருளும் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் நடந்ததற்குச் சாட்சி. இன்னாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். 1884இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இந்த விருந்துகளே 1951 வரை தடைசெய்யப்பட்டிருந்தன. மக்கள் மறைத்தும் வேறு பெயரிட்டும் நடத்தினார்கள். தங்கள் சொத்துப் பதிவு அலுவலகத்தை எழுபது வருடத்துக்குப் பக்கமாக ஒளித்து நடத்தியவர்களிடம், பதிவேடு எங்கே என்று கேட்பது எவ்வளவு கொடுமை!

நீதிமன்றத்துக்காக இதையெல்லாம் தாளில் இறக்கவேண்டியிருந்தது. நீல் ஸ்ரெரிட் என்ற கிட்க்சன்காரர் வருடக்கணக்கில் முதியவர்களோடு காடு மலை ஏறி இடப்பெயர்களையும் எல்லைகளையும் குறித்தார். ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் அதை அறிந்தவர் சத்தியக்கடதாசி கொடுத்தார். அப்படி 53 கடதாசிகள். மன்றத்தில் பெரிய வரைபடமொன்றை விரித்தபோது நீதிபதி அதைக் 'கர்ச்சித்த வரைபடம்' என்று பகிடியாகச் சொன்னார். பகிடி என்றாலும் பொருத்தமாகத்தான் வாயில் வந்திருக்கிறது.

மானிடவியலாளர்களின் வேலை இதற்கு இடைப்பட்டது. உறவுமுறை எப்படி, விருந்தில் பண்டம் எப்படிக் கைமாறுகிறது, ஒரு வீட்டார் இன்னொருவருடைய நிலத்தில் வேட்டையாட யாரிடம் கேட்கவேண்டும் என்பதையெல்லாம் நீதிமன்றத்துக்கு விளங்கும்படி விவரிப்பது. மில்ஸ் வெட்சுவெட்டன் விருந்துகள் பற்றியும் டேலி கிட்க்சன் பொருளாதாரம் பற்றியும் எழுதிய அறிக்கைகள் பிறகு புத்தகங்களாகவே வந்தன.

1991 மார்ச் 8இல் தீர்ப்பு வந்தது. கோரிக்கை தள்ளுபடி. இருந்த உரிமை ஏதும், மாகாணம் கனடாவோடு சேர்ந்த 1871க்கு முன்பே குடியேற்ற அரசால் அழிக்கப்பட்டுவிட்டது என்பது முடிவு. பழைய வாழ்க்கையை விவரிக்கும்போது எழுத்து இல்லை, குதிரை இல்லை, சக்கர வண்டி இல்லை என்று பட்டியலிட்டு, ஹொப்ஸ் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதியின் வரியைக் கடன் வாங்கி, அந்த வாழ்க்கை அருவருப்பும் மிருகத்தனமும் அற்ப ஆயுளும் கொண்டது என்று எழுதினார். பஞ்சமும் பட்டினியும் காடும் பனியும்தான் அவருக்குத் தெரிந்தன.

மானிடவியலாளர்களைப் பற்றி அவர் சொன்னது: கிட்க்சன், வெட்சுவெட்டன் மக்களின் விழுமியங்களை ஏறக்குறைய அப்படியே ஏற்கும்படி வற்புறுத்துவதைத் தவிர, தீர்க்கவேண்டிய முக்கிய கேள்விகளுக்கு அவர்கள் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. இதற்கு ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் அறநெறிக் கோவை. ஆய்வாளரின் முதல் கடமை தான் ஆராயும் மக்களுக்கே என்கிறது அது. அந்தக் கோவை எழுதப்பட்ட காலத்தைப் பார்க்கவேண்டும். வியட்நாம் போர்க் காலத்தில் ஆய்வாளர்களை உளவு வேலைக்குப் பயன்படுத்தியதாகப் பெரும் சர்ச்சை எழுந்து, உன்னை நம்பி வாய் திறந்தவனைக் காட்டிக்கொடுக்காதே என்பதற்காக 1971இல் அதை வகுத்தார்கள். அதை எடுத்து, இவர்கள் மக்களுக்காகப் பேசக் கடமைப்பட்டவர்கள், ஆகவே நடுநிலை இல்லாதவர்கள் என்று வாசித்துவிட்டார் நீதிபதி. வரலாற்றாசிரியர்களை அவருக்குப் பிடித்திருந்தது. அவர்கள் பெரும்பாலும் ஆவணம் சேகரிப்பவர்கள், அதிகம் விமர்சிக்கவில்லை, அவர்கள் தொகுத்தவை தாமே பேசின என்று பாராட்டுகிறார்.

ஹட்சன்ஸ் பே என்ற தோல் வியாபாரக் கம்பனியின் ஆள் 1820களில் தன் குறிப்பேட்டில் எழுதிய வரி தானே பேசும். எழுபது வயது மூதாட்டி பேசினால் அதற்கு விளக்கம் வேண்டும், விளக்கம் சொன்னவர் பக்கச்சார்பானவர்.

இந்த இடத்தில் என் தொழில் எனக்குத் தொந்தரவு தருகிறது. உரைபெயர்ப்பாளருக்கு முதல்நாள் சொல்லித்தரும் பாடமே தள்ளி நிற்பதுதான். வழக்காளியோடு தாழ்வாரத்தில் கதைக்கக்கூடாது. ஒரே ஊர் என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். தேநீர் வாங்கித் தந்தால் மறுக்கவேண்டும். நான் அந்த விதிகளை மதிக்கிறேன். வேலை அப்படித்தான் நடக்கமுடியும். யாருடைய வழக்கையும் இங்கே எழுதவும் மாட்டேன். ஆனால் தள்ளி நின்றதால் நான் எதையாவது அதிகமாக விளங்கிக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. ஒருவர் 'பெரியப்பாவின் வளவுக்குள் இருந்தோம்' என்று சொல்லும்போது அதில் வாடகை, உரிமை, சண்டை, சீதனம் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரிவது நான் நடுநிலையாளர் என்பதால் அல்ல. நானும் அப்படியொரு வளவில் வளர்ந்தவள் என்பதால். விதிப்படி, அந்த அறிவை நான் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மானிடவியலாளரின் வேலையே அதைச் சொல்வது. பக்கத்தில் இருக்காமல் அவர் எதைச் சொல்வார்? பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது பிழையாகிவிடுமா? பிழையென்றால் குறுக்கு விசாரணை எதற்கு இருக்கிறது?

மெக்கீச்சர்னுக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். வழக்கு நடக்கும்போது, வழக்காளிகள் அமர்த்தி, வழக்காளிகளின் ஊரில் இருந்து எழுதிய அறிக்கையை ஒரு நீதிபதி கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது தப்பில்லை. அரச தரப்பும் தன் மானிடவியலாளரைக் கொண்டுவந்தது. ஊரோடு ஊறாதவர் என்பது அவருடைய தகுதியாகக் காட்டப்பட்டது. இரண்டு பேரையும் ஒரே சந்தேகத்தோடு பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுத அவசியமில்லை.

அதைவிட விசித்திரம், அதே மன்றத்தில் மக்கள் தரப்பு முன்வைத்த பழைய ஆவணங்களில் பெரிய தொகுதி ஒன்று மானிடவியலாளர்கள் சேர்த்தது. 1914 முதல் அந்த வடமேற்குக் கரையில் வேலை செய்தவர் மாரியஸ் பார்போ, கனடாவின் தேசிய அருங்காட்சியகத்துக்காரர். அவருக்கு ஊர்களைத் திறந்துவிட்டவர் வில்லியம் பெய்னன், தாய்வழியில், சிம்ஷியன் என்ற அயல் இனத்தின் தலைமைப் பெயர் ஏற்றவர். கதைகளைக் கேட்டதும் மொழிபெயர்த்ததும் எழுதியதும் பெரும்பாலும் பெய்னன். 1920களில் இருவரும் எழுதிவைத்த அடாவ்க் தொகுப்புகள், அறுபது வருடத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் மன்றத்தில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவின. வழக்கே நினைத்துப் பார்க்கமுடியாத காலத்தில் எழுதியது என்பதால் அவற்றுக்கு ஒரு மதிப்பு.

அதே பார்போதான் 1929இல் நாஸ் ஆற்றங்கரையில் நிஸ்கா என்ற இன்னொரு அயல் இனத்து மக்களின் 11 மீற்றர் உயர நினைவுக் குலமரம் ஒன்றை, ஊரார் மீன்பிடிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்துப்போய் ஸ்கொட்லாந்து அருங்காட்சியகத்துக்கு விற்றவர். அது 2023 செப்டெம்பரில்தான் ஊர் திரும்பியது. ஒரே ஆள், ஒரே துறை. ஒரு கையால் காப்பாற்றினார், மறு கையால் எடுத்துப்போனார். பார்போவை வீரனாக்கி எழுதியவர்களையும் கள்ளனாக்கி எழுதியவர்களையும் வாசித்திருக்கிறேன். இரண்டு தரப்பும் பெய்னனுக்கு ஒரு பந்திதான் ஒதுக்குகிறது. அது எனக்கு எரிச்சல் தரும் விஷயம், தொழில் அபிமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த ஒப்பந்தம் 1958இல் நடந்தது. கிட்வன்கூல் என்ற ஊர், இன்று கிட்டன்யோ என்று அழைக்கப்படுகிறது. நில அளவையாளரை ஊருக்குள் விடமாட்டோம் என்று நீண்டகாலம் மறித்த ஊர். அங்கே பழைய குலமரங்கள் உளுத்து விழுந்துகொண்டிருந்தன. விக்ரோரியாவிலுள்ள மாகாண அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்சன் டஃப் என்ற மானிடவியலாளர் சில மரங்களைக் கேட்டு வந்தார். தலைவர்கள் விலை பேசவில்லை, நிபந்தனை பேசினார்கள். எடுத்துப்போகும் மரத்துக்கு அச்சு அசலாகப் புது மரம் செதுக்கி இங்கே நட்டுத் தரவேண்டும். எங்கள் வரலாற்றையும் நிலப்பரப்பையும் சட்டங்களையும் நாங்கள் சொல்ல எழுதி, அரசாங்கச் செலவில் அச்சிடவேண்டும். அது பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கவேண்டும். டஃப் சம்மதித்தார். தலைவர்கள் சொல்ல, கொன்ஸ்ரன்ஸ் கொக்ஸ் என்ற பெண் மொழிபெயர்க்க, 1959இல் அந்தச் சிறு நூல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. பக்கம் குறைவு, அலங்காரம் இல்லை. எந்த மலையிலிருந்து எந்த ஓடைவரை யாருடையது என்று நேரடியாகச் சொல்கிறது. நிலத்தை எடுத்துக்கொண்ட அரசின் அச்சகத்திலேயே, இந்த நிலம் எங்களுடையது என்று அச்சடிக்க வைத்துவிட்டார்கள்! இந்தச் சாமர்த்தியத்துக்கு எந்த வழக்கறிஞரும் கிட்ட நிற்கமுடியாது.

அதே டஃப் பத்து வருடம் கழித்து நிஸ்கா மக்களுக்காக நீதிமன்றம் ஏறினார். பிராங்க் கால்டர் தொடுத்த அந்த வழக்கு 1973இல் உச்ச நீதிமன்றத்தில் தொழில்நுட்பக் காரணம் ஒன்றால் தோற்றது. ஆனால் ஐரோப்பியர் வருமுன்னே பூர்வகுடிகளுக்கு நிலத்தில் சட்ட உரிமை இருந்தது என்பதை நீதிபதிகள் ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். அது இன்னும் இருக்கிறதா என்பதில்தான் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். டஃப் கொடுத்த சாட்சியத்தை நீதிபதி ஹோல் தன் தீர்ப்பில் எடுத்தாள்கிறார். ஆக, பக்கத்தில் நின்ற மானிடவியலாளர் எப்போதும் எடுபடாமல் போனதில்லை.

ஒரு கோடையில் பதினாறாம் இலக்க நெடுஞ்சாலையால் அந்தப் பக்கம் போனோம். பிரின்ஸ் ஜோர்ஜ் தாண்டினால் மரம், மரம், பிறகும் மரம். ஸ்மிதர்ஸ் கடந்து சிறிது தூரத்தில் விட்செட் என்ற வெட்சுவெட்டன் ஊர். அங்கே பல்க்லி ஆறு ஒரு பாறைப் பிளவுக்குள் ஒடுங்கிப் பாய்கிறது. இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டி, ஈரப் பாறையின் விளிம்பில் நின்று, நீண்ட கழியில் கட்டிய வலையால் சல்மன் மீனை அள்ளுகிறார்கள். கயிற்றின் மறுமுனை பின்னாலுள்ள பாறையில். மீன் விழுந்ததும் கழியை நெஞ்சில் அணைத்துப் பின்னோக்கி நடக்கிறான் ஒருவன். இன்னொருவன் தடியால் ஒரே போடு. மேலே புகைவீடுகள். நம்மவர்கள் நிறையப் பேர் நயாகராவில் எடுக்கும் அளவுக்கு நான் படம் எடுத்தேன். நினைத்த பாறையில் நினைத்தவர் நிற்கமுடியாது. எந்தத் தலைவருக்கு உரிய இடம் எது என்பதற்கு ஒழுங்கு உண்டு. புரோடியும் மில்சும் பக்கம் பக்கமாக விளக்கியது இதைத்தான்.

இன்னும் போனால் சீலி ஏரி. பின்னால் ஸ்டெக்யூடன் மலை சுவராக எழும்புகிறது. மேரி ஜோன்சன் சொன்ன அடாவ்க் ஒன்று இந்த இடத்துக்குரியது. மீன் முள்ளைத் தலையில் சூடி விளையாடி மீனை அவமதித்த பெண்பிள்ளைகளால், மெடீக் என்ற மாபெரும் கரடி எழுந்து மரங்களை முறித்துக்கொண்டு வந்து ஊரை அழித்தது என்கிறது. வழக்குக்காக விஞ்ஞானிகள் ஏரியின் அடிச்சேற்றையும் அதிலிருந்த மகரந்தத்தையும் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 3,500 வருடங்களுக்கு முன் அங்கே பெரிய மண்சரிவு நடந்திருக்கிறது. கதையும் சேறும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன என்பது தலைவர்களின் வாதம். நீதிபதி அதையும் ஒப்பவில்லை. கரடியையும் மண்சரிவையும் முடிச்சுப் போடுவதில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அந்த மக்கள் எவ்வளவு காலமாக அந்த மலையடியில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு, 1820களின் வியாபாரக் குறிப்பேட்டைவிட அந்தச் சேறு கிட்டவான பதில் என்றுதான் நினைக்கிறேன்.

1997 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் மெக்கீச்சர்ன் தீர்ப்பை உடைத்தது. தலைமை நீதிபதி அன்ரோனியோ லாமர் எழுதியதில் பலரும் மேற்கோள் காட்டும் இடம்: வாய்மொழி வரலாற்றுக்கு இடமளிக்கும்படி சாட்சியச் சட்டம் மாறவேண்டும், நீதிமன்றத்துக்குப் பழக்கமான எழுத்து ஆவணங்களோடு அதைச் சமநிலையில் வைக்கவேண்டும். அடாவ்க், குங்காக்ஸ் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்குத் தனி மதிப்பே கொடுக்காதது பிழை என்றார். பூர்வகுடி நில உரித்து என்றால் என்ன என்பதற்கும் முதல்முறையாக விரிவான வரையறை கொடுத்தார். புது விசாரணைக்கு உத்தரவிட்டு, அதைவிடப் பேசித் தீர்ப்பதே மேல் என்று சொல்லி முடித்தார். அந்தப் புது விசாரணை நடக்கவேயில்லை. அத்தனை பெரிய வெற்றியில் டெல்கமூக்குக்கு ஒரு ஏக்கர் நிலமும் கிடைக்கவில்லை. அந்த வெற்றியை வைத்து நிலம் வென்றவர்கள் அதே மாகாணத்தின் சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்கள், 2014இல், 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். அவர்களுடைய விசாரணையின் ஒரு பகுதிக்கு நீதிபதி ஊருக்கே போய்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்து கேட்டார்.

1997 தீர்ப்பு தொடாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. ஆளும் அதிகாரம் பற்றிய கோரிக்கை பரந்துபட்டது, இந்தச் சாட்சியத்தில் முடிவு சொல்லமுடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதன் விலை 2020இல் தெரிந்தது. ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்த பெப்ரவரியில் ரயில் ஓடவில்லை. ஒட்டாவா, மொன்றியல் போகவேண்டியவர்கள் யூனியன் நிலையத்தில் நின்று பேசிய பேச்சையும் நினைவிருக்கும். கோஸ்ரல் காஸ்லிங்க் எரிவாயுக் குழாய் வெட்சுவெட்டன் நிலத்தால் போவதைப் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள், பொலிஸ் அவர்களுடைய முகாம்களுக்குள் இறங்கியது, அதற்கு ஆதரவாக ஒன்ராறியோவில் மோஹாக் பூர்வகுடி மக்கள் தண்டவாளத்தை மறித்தார்கள். கம்பனியோ, பாதையிலுள்ள இருபது தெரிவுசெய்யப்பட்ட சபைகளும் கையெழுத்திட்டுவிட்டன என்றது. உண்மைதான். ஆனால் அந்தச் சபைகள் இந்தியர் சட்டத்தால் உண்டானவை, அவற்றின் அதிகாரம் ஒதுக்கப்பட்ட ஊர்த்துண்டுகளுக்கு உள்ளே. காடும் ஆறும் வீட்டாருக்கும் அவர்களின் தலைவர்களுக்கும் உரியவை. இந்த வித்தியாசத்தைத்தான் அந்த மூன்று மானிடவியலாளர்களும் மெக்கீச்சர்னின் மன்றத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பது எனக்கு வரவில்லை. சபைக்கு வாக்களித்த வெட்சுவெட்டன்காரருக்கும் வேலை வேண்டும், வீடு வேண்டும். 2020 மே மாதம் கனடாவும் மாகாணமும் பரம்பரைத் தலைவர்களோடு ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்து, உரித்து வெட்சுவெட்டன் வீடுகளுக்கே உரியது என்று ஏற்றபோது, தங்களைக் கேட்காமல் செய்ததாகச் சபைத் தலைவர்கள் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. குழாயை அது நிறுத்தவுமில்லை. 2023இல் பதித்து முடித்தார்கள்.

இப்போது அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போகிற மாணவருக்கு முதலில் கையில் கிடைப்பது ஒரு ஒப்பந்தப் படிவம். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எழுதுவதை அச்சுக்கு முன் யார் பார்ப்பார், எந்த இடப்பெயர் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கையிருப்பு நான்கும் மக்களிடமே என்ற கொள்கையை கனடாவின் பூர்வகுடிகள் 1998இல் வகுத்துக்கொண்டார்கள். இது ஆய்வுச் சுதந்திரத்துக்குக் கைவிலங்கு என்று முணுமுணுக்கும் பேராசிரியர்கள் உண்டு. கிட்வன்கூல் தலைவர்கள் 1958இல் டஃப்பிடம் கேட்டதும் இதுதானே. அவர் ஒன்றும் கைவிலங்கு என்று சொல்லவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் வழக்குக்கும் பேச்சுவார்த்தைக்கும் இடையில் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் கிட்டன்யோ பரம்பரைத் தலைவர்கள், மெசியாடின் நீர்ப்பரப்பில் 54,000 ஹெக்டேரைத் தங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். மாகாண அரசின் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. பனிப்பாறைகள் பின்வாங்கியதால் சொக்கை என்ற சல்மன் மீன்கள் புதிய ஓடைகளில் முட்டையிடத் தொடங்கியிருந்தன. அதே ஓடைகளின்மேல் சுரங்கக் கம்பனிகளின் கண்ணும் இருந்தது. மீன் கணக்கெடுத்தது அவர்களே நடத்தும் மீன்வளப் பிரிவு. எந்த வீட்டாரின் நிலம் என்று சொன்னவர்கள் அந்த வீட்டார். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களும் அந்த மேசையில் இருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பவர்கள் கிட்டன்யோக்காரர்கள்.